உயிரோடு நாலு சீன்

மூக்கால் விட்டால் கண்ணாடி வேர்க்கிறது, வாயால் விட்டாலும் வேர்க்கிறது, விடாமலே கிடந்தால் நிஜமாகவே போய்ச் சேர வேண்டியதுதான் என்று கண்டுகொண்ட லிங்கம் அண்ணாச்சி, மேலுதட்டைச் சற்றே முன்னால் தள்ளி, காற்றைத் தாடைக்கட்டுக்குக் கீழே, கழுத்தில் கிடந்த மாலைக்குள் இறக்கிவிடப் பழகிக்கொண்டிருந்தார். படுத்திருந்தது ஐஸ் பெட்டிக்குள். செட்டுக்காரர்கள் தெர்மாகோலில் செய்தது இல்லை, வாடகைக்கு எடுத்த அசல் பெட்டி. எத்தனை பேர் இதில் படுத்துப் போனார்களோ. படத்தில் அவர் செத்துப்போன அப்பா. பெட்டிக்குள் இருக்கிற குழல்விளக்கு எரிந்தால்தான் முகத்துக்கு அந்த நீலம் கிடைக்கும் என்று கேமராக்காரன் இர்ஃபான் சொல்லிவிட்டான். விளக்கு மட்டும் எரிய வழியில்லை, சுவிட்சைப் போட்டால் வெளிச்சத்தோடு குளிரும் சேர்ந்தே வரும், குளிர் வந்தால் கண்ணாடி சில்லிடும், சில்லிட்ட கண்ணாடியில் மூச்சுப் பட்டால் பனி பிடிக்கும். பொணம் மூச்சு விட்டதற்குக் கண்ணாடியே சாட்சி சொல்லிவிடும். பொணத்தைப் பெட்டிக்குள் வைக்கலாம் என்று ராவெல்லாம் உட்கார்ந்து யோசித்தவர்களுக்கு, பொணமாக நடிக்கிறவனுக்கு உயிர் இருக்கும் என்கிற சின்ன விஷயம் தோன்றவில்லை. போகட்டும். முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, படிக்கட்டில் தொங்குகிறவனை உள்ளே இழுத்து, "முன்னால போ, முன்னால போ, நடுவுல இடம் கெடக்கு, குடியிருக்கவா வந்தே" என்று கத்திக் கத்தியே தொண்டை காய்த்துப்போன மனுஷனுக்கு, ரிட்டயர் ஆன பிறகு சினிமாவில் சேர்ந்ததும் கிடைத்ததெல்லாம் வாயை மூடிக்கொண்டு கிடக்கிற வேலைதான். முதலில் பக்கத்துத் தெருப் பையன்கள் எடுத்த குறும்படம். பாடையில் படுக்க ஆள் இல்லை, அண்ணாச்சி வாங்க என்றார்கள், படுத்தார். இமைமேல் கட்டெறும்பு ஏறி இறங்கிப் போயிற்று, அசையவில்லை. அந்த வீடியோ கோவில்பட்டி முழுக்கச் சுற்றியது. அன்றிலிருந்து சாத்தூர், சங்கரன்கோவில், எட்டயபுரம் என்று எந்தப் பயல் கடன்பட்டு ஒரு கேமராவோடு கிளம்பினாலும், கதையில் சாவு இருந்தால், "நம்ம லிங்கம் அண்ணாச்சியைக் கூப்பிடு, அவர் படுத்தா எமனே ரெண்டு தடவை குனிஞ்சு பாப்பான்" என்று ஆகிவிட்டது. பரமார்த்தலிங்கம் என்று அப்பா அம்மா வைத்த பேரை டைட்டிலில் போட இடம் போதாதென்று லிங்கம் என்று குறுக்கிவிட்டார்கள். அந்த லிங்கமும் கடைசியில், நன்றி என்று ஓடுகிற வரிசையில், சாப்பாடு போட்டவர் பேருக்குப் பக்கத்தில்தான் வரும்.

மாலை அரித்தது. காலையில் கல்யாண சீனுக்கு மாப்பிள்ளை கழுத்தில் போட்ட மாலையேதான் மத்தியானம் இவர் மேல் வந்து விழுந்திருந்தது. ரோஜா கொஞ்சம் உதிர்ந்திருந்ததால் சாவுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று டைரக்டர் ஆல்வின் சந்தோஷப்பட்டான். நெற்றியில் ஒற்றை ரூபாயைச் சந்தனத்தில் ஒட்டியிருந்தார்கள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மூக்கில் பஞ்சு வைக்க வந்தபோது மட்டும், "தம்பி, அது வேண்டாம், அதை வச்சா சீன் ரொம்ப நல்லா வந்துரும்" என்று சொல்லித் தப்பித்திருந்தார். பெட்டியின் கால்மாட்டுக் கதவைக் கேமரா பார்க்காத பக்கமாகக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தார்கள், காற்று வர. அந்த வழியாகக் காற்றைவிடப் பேச்சுதான் அதிகம் வந்தது. பொணமாகக் கிடக்கிறவனுக்குக் காது கேட்கும் என்பது எந்த யூனிட்டுக்கும் ஞாபகம் இருக்காது. படுத்த இடத்திலிருந்தே அவர் என்னென்ன கேட்டிருக்கிறார்! யார் யாரோடு கோபம், எந்தக் கதாநாயகிக்குக் குரல் சரியில்லை என்று வேறு ஆளைப் பேசவைக்கப் போகிறார்கள், எல்லாம் பொணத்தின் தலைமாட்டில் நின்றுதான் பேசுவார்கள். ஊர் ரகசியம் சுடுகாட்டுக்குத்தான் முதலில் தெரியும் போலிருக்கிறது. அப்படித்தான் இதையும் கேட்டார். முதல் டேக் முடிந்து, அவர் பெண்டாட்டி வேஷத்தில் அழுகிற வேலுத்தாய்க்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். கால்மாட்டில் இர்ஃபானின் குரல். "ப்ரோ, இந்த வீடு இன்னைக்கோட சரின்னுட்டாங்க. அப்பா உயிரோட வர்ற சீன்லாம் எங்க எடுக்கப் போறோம்?" ஆல்வின் சொன்னான், "அந்த நாலு சீனும் தேவையில்ல ப்ரோ. யோசிச்சுப் பாரு, படமே இந்தப் பெட்டியில இருந்து ஸ்டார்ட் ஆகுது. ஆடியன்ஸ் அவரை உயிரோட பாக்கவே கூடாது. மத்தவங்க பேசுறதுல இருந்துதான் அவர் யாருன்னு தெரியணும். செம்மயா இருக்கும்ல?" "இருக்கும். ஆனா அவர்ட்ட சொல்லணுமே, பாவம்." "பேக்கப்புக்கு அப்புறம் சொல்லிக்கலாம்டா. இப்ப சொன்னா மூஞ்சி மாறிடும்." சொல்லிவிட்டு ஆல்வின் இந்தப் பக்கம் வந்து கண்ணாடியை விரலால் தட்டினான். "சார், ஓகேதானே? குளிரலயே? இந்த டேக்கு கொஞ்சம் நீளமா போகும் சார், நான் கட் சொல்ல மாட்டேன்." லிங்கம் அண்ணாச்சி கண்ணைத் திறக்காமல் கைக் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். மூஞ்சி மாறவில்லை. அதுதானே தொழில்.

தேவையில்ல. குழாயில் சொட்டுகிற தண்ணீர் மாதிரி அந்தச் சொல் அதே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. தேவையில்ல என்று சொன்னதில் ஆல்வினுக்கு அவர் மேல் ஒரு வருத்தமும் இல்லை. நல்ல பையன், தூத்துக்குடியில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வேலையை விட்டுவிட்டு வந்தவன், சார் சார் என்று மரியாதையாகத்தான் பேசுவான், கதைக்கு எது நல்லது என்று பார்க்கிறான், பார்க்க வேண்டியதுதானே. ஒரு ரூட்டில் கூட்டம் இல்லையென்றால் டிரிப்பைக் கட் பண்ணுவதில்லையா. கட் பண்ணினால் அந்த ஸ்டாப்பில் காத்து நிற்கிறவள் நிற்கத்தான் செய்வாள். அவளிடம் யார் போய்ச் சொல்வது? பேச்சியம்மாளிடம் யார் சொல்வது? இதை நினைக்கக் கூடாது என்று நினைத்தார். நினைத்தால் மூச்சு பெரிதாகிறது. மேலுதட்டை முன்னால் தள்ளி விட்டார். அவருடைய பெண்டாட்டி பேச்சியம்மாள் அவர் நடித்த படம் ஒன்றே ஒன்றைத்தான் பார்த்தாள். கல்யாண மண்டபத்தில் திரை கட்டிப் போட்டார்கள். அரக்குப் பட்டு கட்டி, பூ வைத்து, பக்கத்து வீட்டு நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள், தன் புருஷன் சினிமாவில் வருகிறார் என்று. வந்தார். பாடையில் வந்தார். அவர் முகத்தைத் திரை முழுக்கக் காட்டினார்கள், வாய்க்கரிசி விழுந்தது, ஒரு அரிசி கூட உள்ளே போகாமல் அவர் உதட்டை இறுக்கியிருந்த நேர்த்தியை மண்டபமே உச்சுக்கொட்டிப் பாராட்டியது. திரும்பிப் பார்த்தால் பக்கத்து நாற்காலி காலி. பின்னாலேயே வீட்டுக்கு ஓடினார். வாசலில் வாளியில் தண்ணியோடு நின்றாள். தாலியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். "தலையோட குளிச்சிட்டு உள்ள வாங்க" என்றாள். அவ்வளவுதான். ஏன், என்ன, நல்லாயிருந்ததா, ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் ஷூட்டிங் போய்விட்டு வருகிற ஒவ்வொரு நாளும் வாசலில் வாளி இருக்கும். அதுகூடப் பரவாயில்லை, குளிக்கிறதில் என்ன கஷ்டம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணசந்தால், கொஞ்ச நேரத்தில் மூக்குக்குக் கீழே ஒரு விரல் வந்து நிற்கும். வெங்காய வாசனையோடு. மூச்சு படுகிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். அவர் தூங்குகிற மாதிரியே கிடப்பார். அதுவும் நடிப்புதான். விரல் வந்ததும் கொஞ்சம் பலமாக மூச்சு விடுவார், அவளுக்குச் சந்தேகம் வேண்டாமே என்று. உயிரோடு இருக்கிற மாதிரி அவர் நடித்ததெல்லாம் அந்த ஒரு ஆளுக்கு முன்னால்தான்.

ரோலிங் என்றான் இர்ஃபான். பெட்டியின் மோட்டார் உர்ரென்றது. "வேலுத்தாய்க்கா, உங்க இஷ்டத்துக்குப் போங்க" என்றான் ஆல்வின், மெதுவாக, கோயிலில் பேசுகிற மாதிரி. பிறகு வளையல் கண்ணாடியில் மோதுகிற சத்தம். வேலுத்தாய் கழுகுமலையில் தையல் கடை வைத்திருப்பவள். நாற்பது வயது இருக்கும், இதுதான் அவளுக்கு முதல் படம், அவருக்குப் பெண்டாட்டியாக வருகிறாள். காலையில் காபி குடிக்கும்போது, "அண்ணே, எனக்கு அழுகையே வராது, எங்கய்யா செத்தப்பவே வரலை, இங்க எப்படி வரும்னு பயமா இருக்கு" என்று சொன்னாள். முதல் டேக்கில் வரவும் இல்லை, கிளிசரின் போட்டுத்தான் அழுதாள். இப்போது கண்ணாடிக்கு மேலே அவள் குனிந்திருப்பது தெரிந்தது. கண்ணை மூடியிருந்தாலும் வெளிச்சம் மறைந்ததை இமை சொல்லிவிடும். பிறகு தொண்டையில் எங்கோ அடியிலிருந்து ஆரம்பித்தாள்.

"உப்பு கேட்டேனா, புளி கேட்டேனா,
உடுத்த ஒரு பட்டு கேட்டேனா,
கூட இருந்தாப் போதுமின்னேன்,
அதுகூடக் கூடலியே..."

ஸ்கிரிப்டில் இது இல்லை. ஐயோ என்னைய விட்டுட்டுப் போயிட்டீங்களே என்றுதான் இருந்தது, அவர் படித்திருக்கிறார், தன் சீனோடு சேர்த்து எல்லாச் சீனையும் படித்திருக்கிறார். இது அவளாகக் கட்டுவது. எந்தச் சாவு வீட்டில் கேட்டுவைத்தாளோ, இல்லை கேட்காமலே வருகிறதோ. பாடிக்கொண்டே கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்தாள், அவர் முகம் இருக்கிற இடத்தை. யாருக்காக அழுகிறாள்? அவருக்காக இல்லை, காலையில்தான் அவரைத் தெரியும். ஆல்வின் எழுதின அந்த அப்பாவுக்காகவும் இருக்காது. அன்றைக்கு வராத அழுகை இன்றைக்கு வருகிறது போல, அப்படியும் நடக்கும், தள்ளிப்போன பஸ் எப்போதோ வந்து நிற்கும். நல்லா அழு தாயி என்று நினைத்தார். இடது பாதத்தில் குளிர் ஊசியாகக் குத்தியது. கட்டின கட்டைவிரல் மரத்து, யாருடைய விரலோ மாதிரி இருந்தது. காதுக்குப் பின்னால் ரோஜா இதழ் ஒன்று ஒட்டிக்கொண்டு அரித்தது. இதெல்லாம் பழக்கம்தான். பழக்கம் இல்லாதது வேறு. உடம்பு இப்படி விறைத்துக் கிடக்கும்போது, மேலே ஒருத்தி அழும்போது, நாமே நம்மைக் கூரையிலிருந்து பார்க்கிற மாதிரி ஒன்று வரும். ஒருநாள் இது நிஜமாக நடக்கும்போது இப்படியேதான் இருக்குமோ? எல்லாம் காதில் விழுமோ? மண்ணெண்ணெய் வந்துருச்சா, வண்டி சொல்லியாச்சா, மருமகன் கிளம்பிட்டாரா என்று எல்லாம் கேட்டுக்கொண்டு, வாயைத் திறக்க முடியாமல், கட் சொல்வார்கள் சொல்வார்கள் என்று படுத்திருப்போமோ? பேச்சி மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பாளே, அப்போது என்ன செய்வேன்? இங்கே வந்து நினைப்பு முட்டி நின்றது. தாண்டிப் போகவில்லை. திரும்பி வந்து மறுபடியும் அதே இடத்தில் முட்டியது.

இந்தப் படத்தில் உயிரோடு நாலு சீன் உண்டு என்று முதலில் தெரிந்த அன்றைக்குப் பேச்சியிடம் அவர் போன தோரணை இருக்கிறதே! டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் நாள் வேலைக்குப் போன மாதிரி அடுப்படிக்குள் போய் நின்றார். "இந்தப் படத்துல நான் பேசுறேன்" என்றார். அவள் நம்பவில்லை. "ஊரெல்லாம் கத்துன வாயி, சினிமாவுல மட்டும் மூடிக் கெடக்கு. அதுல என்னத்தப் பேசப் போறீங்க?" பேப்பரைக் காட்டினார். ஒன்றில் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்ற வேண்டும். ஒன்றில் மகனைத் திட்ட வேண்டும். ஒன்றில் பெண்டாட்டியோடு ரேஷன் அரிசிக்காகச் சண்டை. கடைசியில் நெஞ்சு வலியை யாரிடமும் சொல்லாமல் மாடிப்படியில் உட்கார வேண்டும். அவள் முழுக்கக் கேட்டாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "சரி, சண்டையைப் போடுங்க பாப்போம்" என்று எதிரே நின்றாள். போட்டார். "இப்படியா வீட்ல சண்டை போடுவீங்க? மைக்குல பேசுற மாதிரில்ல இருக்கு? நீங்க சண்டைன்னா என் மூஞ்சியவே பாக்க மாட்டீகளே" என்று அவள்தான் திருத்தினாள். நல்ல வாத்தியாரம்மா. பத்து நாளும் அரிசிச் சண்டைதான், நிஜ சாப்பாடு ஆறிப்போகும். கடைசியில், தலையைக் குனிந்துகொண்டே, "நான் வாரேன். அந்த மாடிப்படி சீன் வரும்போது கண்ணை மூடிக்கிடுதேன். மத்த மூணையும் பாப்பேன்" என்றாள். அதற்கென்று அவருடைய நீலச் சட்டையை அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள், பையில் இருக்கிறது. மத்த மூணையும் பாப்பேன் என்றாளே! இப்போது படம் போடுவார்கள், அவள் வந்து உட்காருவாள், விளக்கை அணைப்பார்கள், திரை வெளிச்சமாகும், முதல் காட்சியே இந்தப் பெட்டி. நீல வெளிச்சத்தில் நான். ஆடியன்ஸ் உயிரோட பாக்கவே கூடாது. கூடாதாம்! எந்த நாயி கேட்டுச்சு உன் கதையை? கோபம் குப்பென்று ஏறியது. கோபத்துக்கு மூச்சு வேண்டும், மூச்சுக்கு இடமில்லை. ஒரே ஒரு மூச்சு, பெரிதாக, நேராக மேலே பார்த்து விட்டால் போதும். கண்ணாடி முழுக்க வெள்ளையாகும். மூஞ்சி தெரியாது, டேக் போயிற்று. எத்தனை தடவை எடுத்தாலும் விடலாம், ஐயையோ முடியலையே தம்பி வயசாச்சுல்ல என்று சொல்லலாம். பொழுது சாயும். வீடு கைவிட்டுப் போகும். என்ன செய்வான்? நெஞ்சு விரிய ஆரம்பித்தது. மாலை அதோடு உயர்வதுகூடத் தெரிந்தது.

"கூட இருந்தாப் போதுமின்னேன்" என்று வேலுத்தாய் மறுபடியும் அதே வரிக்கு வந்தாள். ஆனால் இப்போது பாட்டாக வரவில்லை. பேச்சாக, உடைந்து, பாதியில் நின்றது. அவள் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துவிட்டாள். அதன் கனத்தில் மூடி கொஞ்சம் அசைந்தது. எப்போதும் இருமிக்கொண்டே இருக்கிற லைட்காரர்கூட இருமவில்லை. இது அந்த டேக் என்று லிங்கம் அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டது. படுத்துக் கிடந்தவனுக்குத்தான் இது சீக்கிரம் தெரியும். சிலருக்கு ஆயுசில் ஒரு தடவை வரும், சிலருக்கு வரவே வராது. பாவிமகளே, இந்த நேரம் பார்த்தா உனக்கு வரணும். ஆல்வின் மேல் இருக்கிற கோபத்தை இவள் தலையில் கொட்டுவதா? தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள். ஊரில் இதற்கு என்னென்ன பேச்சு வாங்கினாளோ. விரிந்த நெஞ்சை அப்படியே பிடித்து நிறுத்தினார். விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை. காதுக்குள் ரத்தம் அடிக்கிற சத்தம் மோட்டார் சத்தத்தை முந்தியது. இமைக்குள் மஞ்சளும் கறுப்புமாகப் பூச்சி பறந்தது. தேவையில்ல, தேவையில்ல என்று சொட்டிக்கொண்டிருந்த குழாய்கூட நின்றுவிட்டது. ஒன்றுமே இல்லை, ஒரு பெண்ணின் நெற்றி கண்ணாடியில் இருக்கிறது, அதற்குக் கீழே ஒருத்தன் இருக்கிறான், அவ்வளவுதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் நீண்டால் போயே விடுவோம் என்று தோன்றியபோது, அதுவும் யாருக்கோ நடக்கிற சங்கதி போலத்தான் தோன்றியது.

"ஐயோ, ஆஃப் ஆயிடுச்சு!" என்று இர்ஃபான் கத்தினான்.

ஆல்வின் கட் சொல்லவே இல்லை. கேமரா தானாகக் கட் சொல்லிக்கொண்டது. அது சின்னக் கேமரா, கல்யாணத்துக்கு எடுக்கிற வகை. நீளமாக ஓடினால் சூடாகி, போதும்டா சாமி என்று அணைந்துவிடும். லிங்கம் அண்ணாச்சி பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். கண்ணாடி ஒரே வெள்ளை. அந்தப் பக்கம் ஒரே ஓட்டமும் பதற்றமும், ஃபைல் இருக்கா, ஃபைல் இருக்கா பாரு, கார்டைப் பிடுங்காத, இருக்கு ப்ரோ, இருக்கு, முழுசா இருக்கு, அக்கா முகத்தை வச்ச இடம் வரைக்கும் இருக்கு. கை தட்டினார்கள். வேலுத்தாயை யாரோ தோளைப் பிடித்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார்கள், அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "நல்லா இருந்துச்சா? நான் என்ன பாடுனேன்னே தெரியலை" என்றாள். இருந்துச்சா என்றா கேட்கிறாய், மகராசி. "சேஃப்டிக்கு இன்னொண்ணு போயிடலாம்" என்றான் ஆல்வின். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எப்போதும் இன்னொண்ணு வேண்டும். "கேமரா கொதிக்குது ப்ரோ, ஆறணும்." "எங்க வச்சு ஆத்துறது, ஃபேன்கூட இல்ல." பிறகு கால்மாட்டுக் கதவு முழுசாகத் திறந்தது. சுடச்சுட ஏதோ ஒன்று அவருடைய பாதங்களுக்கு நடுவில் வேட்டிமேல் வந்து உட்கார்ந்தது. "ஐஸ் பெட்டி இருக்கும்போது நமக்கென்ன கவலை" என்று இர்ஃபான் சிரித்தான். "சார், மன்னிச்சுக்குங்க, அஞ்சு நிமிஷம், கேமராவும் உங்ககூடப் படுத்துக்கட்டும்."

கேமராவின் சூடு பாதத்தில் ஏறியது. இதமாகத்தான் இருந்தது. ஒரு பொடிக் குழந்தை கால்மாட்டில் வந்து ஒண்டிக்கொண்ட மாதிரி. லிங்கம் அண்ணாச்சி யோசித்தார் என்று சொல்வதற்கில்லை. யோசித்திருந்தால் பேசாமல் படுத்திருப்பார். வேலுத்தாயின் டேக் பத்திரமாக இருக்கிறது, இனி யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்கிற ஒன்றுதான் தெரிந்தது. கண்ணாடியைக் கைமுட்டியால் தட்டினார். ஒண்ணுக்குப் போகணும் போல என்று நினைத்து இரண்டு பேர் வந்து மூடியைத் தூக்கினார்கள். எழுந்து உட்கார்ந்தார். நெற்றி ரூபாய் மடியில் விழுந்தது. தாடைக்கட்டை அவிழ்த்தார். பிறகு குனிந்து, கால்மாட்டிலிருந்த கேமராவைத் தூக்கி, மாலைக்குள் மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். யூனிட் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது.

"தம்பி ஆல்வின், அந்த நாலு சீன் தேவையில்லைன்னு முடிவு பண்ணிட்டீங்க."

"யார் சார் சொன்னா உங்களுக்கு?"

"நீங்கதான். என் கால்மாட்டுல நின்னு."

ஆல்வினுக்கு முகம் செத்துவிட்டது. தலையைச் சொறிந்தான். "சார், கதை கொஞ்சம் மாறிடுச்சு சார். உங்களுக்கு இதுதான் வெயிட். படம் ஃபுல்லா உங்களைப் பத்தித்தான் பேசுவாங்க. நம்பி என்கிட்ட குடுங்க சார், கேமரா கீழ விழுந்துடப் போகுது."

"விழாது. நான் ஒருநாள்கூடக் கலெக்‌ஷன் பையைத் தவறவிட்டதில்ல." குரல் இப்படி வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை, வீட்டின் பின்கட்டு வரை கேட்டது, படிக்கட்டில் தொங்குகிறவனை இறக்கிவிடுகிற குரல். "கதை எப்படி வேணும்னாலும் மாறட்டும் தம்பி. என் வீட்டுக்காரி இந்தப் படத்துக்கு வாரேன்னிருக்கா. என்னைப் பொணமாப் பாத்ததுல இருந்து அவ என்னைத் தூங்கவிடுறதில்ல. முதல்ல என்னை உயிரோட எடுங்க. அப்புறம் எத்தனை தடவை சொன்னாலும் சாகுதேன்."

எடுத்தாலும் எடிட்டிங்கில் தூக்கிவிடலாம் என்று ஆல்வினுக்குத் தெரியும். தூக்குவான் என்று லிங்கம் அண்ணாச்சிக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டார். வேலுத்தாய் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எடுத்துக் குடுங்க தம்பி, ஒரு மனுஷன் வாயைத் திறந்து கேக்காருல்ல" என்றாள். "எடுத்துருவோம் ப்ரோ, கார்டுல இடம் கெடக்கு" என்றான் இர்ஃபான், ஆல்வினைப் பார்க்காமல். ஆல்வின் ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்தான். பெட்டியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தான். பிறகு பெருமூச்சு விட்டு, அவனே குனிந்து அவர் கால் கட்டை அவிழ்த்தான். "ஒரே ஷாட் சார். டயலாக்லாம் படிக்க நேரமில்ல. அடுப்படி வாசல்ல நாற்காலியில உக்காருங்க, என்ன தோணுதோ பண்ணுங்க" என்றான்.

உட்கார்ந்தார். சந்தனத்தைத் துடைத்துவிட்டார்கள், மாலையைக் கழற்றினார்கள், சட்டை மாற்ற விடவில்லை, வெளிச்சம் போகிறதாம். கேமரா எதிரே வந்து நின்றது. ரோலிங். ஆக்‌ஷன். அரிசிச் சண்டை மொத்தமும், பத்து நாள் போட்ட சண்டை, ஒரு வார்த்தை பாக்கியில்லாமல் எங்கோ போய்விட்டது. கை எங்கே இருக்க வேண்டும்? கண் எதைப் பார்க்க வேண்டும்? உயிரோடு இருக்கிறவன் என்னதான் செய்வான்? அவர் அசையாமல், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் கேமராவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பழக்க தோஷம். "சார், மூச்சு விடுங்க" என்று இர்ஃபான் மெல்லச் சொன்னான். அப்போதுதான் விடவில்லை என்பதே தெரிந்தது. ஆல்வின் கட் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அடுப்படிக்குள்ளிருந்து, ஃப்ரேமில் இல்லாத வேலுத்தாய், இன்னும் அடைப்பு நீங்காத தொண்டையோடு, ஒரு தட்டை ணங்கென்று வைத்தாள்.

"என்னங்க, எம்புட்டு நேரம் கூப்பிடுதேன். சாப்பிட வாரீங்களா இல்லையா?"

லிங்கம் அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். தோளைச் சொறிந்தார். கொட்டாவி விட்டார்.

"வாரேன், வாரேன். அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார்.